ஏறத்தாழ என்பதும் ஓர் அமானிதம்: ஹவ்ழின் அளவு முதல் ரீமன் கூடுதல் வரை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

மேனிலைப் பள்ளியில் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் வரையறுத்த தொகையீடு என்னும் பாடத்தை எட்டும்போது இரண்டு விதமான சலிப்பு அவர்களைப் பற்றிக்கொள்கிறது. வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சிறு சிறு செவ்வகங்களாகக் கீறிக் கூட்டும் ரீமன் கூடுதல் சரியான விடையைத் தருவதில்லை. ஏறத்தாழ ஒரு விடையைத்தான் தருகிறது. சரியில்லாத விடைக்கு இத்தனை உழைப்பு ஏன் என்பது முதற்சலிப்பு. இக்கல்விக்கும் நம் தீனுக்கும் என்ன தொடர்பு என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வினாவுக்கு மறுமொழியாகக் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றி வருகிறது: நுண்கணிதம் முழுவதையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள், ஐரோப்பியர் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள் என்பது அதன் சாரம். பிள்ளைகள் அதைப் பெருமையுடன் பிறருக்கும் அனுப்புகிறார்கள்.

அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து ஏற்பது நம் மரபு. அம்மரபுடையோர் இந்தச் செய்தியையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ஆராய்ந்தால் தெரியவருவது அந்தச் செய்தியைவிடச் சுவையானது, பெருமைப்படத் தக்கது, உண்மையானது.

ரயிலும் செவ்வகமும்

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பெரம்பூர் நிலையத்திலிருந்து ஆவடி நோக்கி ஒரு விரைவு ரயில் புறப்பட்டு, நிற்காமல் வேகம் கூட்டிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வேகத்தைக் குறிக்கிறோம்: தொடக்கத்தில் 0, அடுத்தடுத்த நிமிடங்களின் முடிவில் மணிக்கு 20, 36, 48, 56, 60 கிலோமீட்டர். ஐந்து நிமிடங்களில் அது சென்ற தொலைவு எவ்வளவு?

வேகம் மாறாதிருந்தால் பெருக்கல் ஒன்றே போதும். வேகமோ நொடிக்கு நொடி மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதன் தொடக்க வேகத்தையே முழு நிமிடத்தின் வேகமாகக் கொள்வோம். 0, 20, 36, 48, 56 ஆகியவற்றைக் கூட்டி 60ஆல் வகுத்தால் சுமார் 2.67 கிலோமீட்டர் கிடைக்கிறது. வேகம் கூடிக்கொண்டே சென்றதால் உண்மைத் தொலைவு இதனினும் குறைந்திருக்க இயலாது. அடுத்து, ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதன் இறுதி வேகத்தைக் கொள்வோம். 20, 36, 48, 56, 60 ஆகியவற்றின் கூடுதலை 60ஆல் வகுத்தால் சுமார் 3.67 கிலோமீட்டர். உண்மைத் தொலைவு இதனினும் மிகுந்திருக்க இயலாது.

ஆக, உண்மை எதுவென இன்னும் தெரியாவிட்டாலும் அது எந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. இடைவெளி ஒரு கிலோமீட்டர். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் குறித்தால் இடைவெளி அரைக் கிலோமீட்டராகும். நொடிக்கு ஒருமுறை குறித்தால் ஏறத்தாழ 17 மீட்டராகச் சுருங்கும். வேகத்தை வளைகோடாக வரைந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஒரு செவ்வகம்; செவ்வகங்களின் மொத்தப் பரப்பே தொலைவு. இதுவே ரீமன் கூடுதலின் உயிர். குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பிழை எவ்வளவுக்குள் அடங்கும் என்பதை இம்முறை விடையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறது.

கைபரின் பேரீச்சந் தோப்புகள்

இத்தகைய மதிப்பீட்டுக்கு நம் ஷரீஅத்தில் இடம் உண்டு. மரத்திலுள்ள பேரீச்சங் கனிகளையும் கொடியிலுள்ள திராட்சையையும், பறிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டு, உலர்ந்தபின் எவ்வளவு தேறும் என மதிப்பிடுவதை ஃபிக்ஹு நூல்கள் 'கர்ஸ்' என்று கூறும்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் வெற்றி கொள்ளப்பட்டபின், அங்குள்ள மக்களே தோப்புகளைப் பராமரித்து விளைச்சலில் பாதியைக் கொடுப்பது என்று உடன்பாடாயிற்று. விளைச்சலை மதிப்பிட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். மதிப்பீட்டில் சலுகை வேண்டி அம்மக்கள் நகைகளைக் கொடுக்க முன்வந்தபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். தம் மதிப்பீட்டைச் சொல்லி, விரும்பினால் இந்தக் கணக்கில் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், இல்லையேல் இதே கணக்கில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்னும் பொருள்பட இரண்டு வழிகளை முன்வைத்தார்கள் என்பது அறிவிப்புகளின் கருத்து. எதிர்த்தரப்பார் அந்த நீதியை ஒப்புக்கொண்டார்கள்.

மதிப்பீடு கூடுதலாக இருந்தால் ஒரு தரப்புக்கு நட்டம். குறைவாக இருந்தால் மறுதரப்புக்கு நட்டம். எந்தப் பக்கத்தையும் நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லத் துணிபவர், இரு பக்கமும் நெருக்கி அளந்தவராகத்தான் இருக்க முடியும். மேலும், மதிப்பிடும்போது மூன்றிலொரு பங்கை, அன்றேல் நான்கிலொரு பங்கை விட்டுவிடுமாறு வழிகாட்டும் அறிவிப்பு அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. அதன் விளக்கத்தில் அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. எனினும் மதிப்பிடுபவர் பிழைக்கு இடம் விட்டே மதிப்பிட வேண்டும் என்னும் பாடத்தை அதிலிருந்து நாம் பெறலாம்.

ஹவ்ழைச் சதுரமாக்கிய ஃபுகஹாக்கள்

கர்ஸ் கண்ணளவு. எண்ணளவுக்கு வருவோம். நஜீஸ் விழுந்தும் நிறம், மணம், சுவை மாறாதிருந்தால் தூய்மை கெடாத நீரின் குறைந்த அளவு ஷாஃபிஈ மத்ஹபில் 'குல்லதைன்' எனப்படும். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் அதனை 500 பக்தாத் ரத்ல் என்று கூறி, 'ஏறத்தாழ' என்னும் பொருளுடைய 'தக்ரீபன்' என்ற சொல்லையும் உடன் சேர்க்கிறார்கள். இந்த அளவு துல்லிய வரையறையா, அண்மை அளவா என்ற கருத்து வேறுபாட்டில், அண்மை அளவு என்பதே ஏற்புடையது என்று முடிவும் கூறுகிறார்கள். ஒரு சொல்லில் எவ்வளவு நேர்மை! எடைக் கல்லின் எல்லையை அறிந்தவர், அதற்கு மீறிய துல்லியத்தை உரிமை கோரவில்லை.

இந்த அளவை முழக் கணக்கில் சொல்லும்போது, சதுரத் தொட்டியாயின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் என்பர். வட்டத் தொட்டியாயின் குறுக்களவு ஒரு முழம், ஆழம் இரண்டரை முழம். இவ்விரண்டும் எப்படிச் சமமாகும்? மின்ஹாஜின் விரிவுரைகள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. கால் முழத்தை ஓர் அலகாகக் கொள்ளுங்கள். சதுரத் தொட்டி 5, 5, 5. பெருக்கினால் 125 கன அலகு. வட்டத் தொட்டியின் விட்டம் 4 அலகு. சுற்றளவு அதன் மூன்று மடங்கும் ஏழிலொரு பங்கும், அதாவது பன்னிரண்டும் ஏழில் நான்கும். பாதி விட்டத்தைப் பாதிச் சுற்றளவால் பெருக்கினால் பரப்பு. அதுவும் பன்னிரண்டும் ஏழில் நான்குமே. ஆழம் 10 அலகு. ஆக மொத்தம் நூற்றிருபத்தைந்தும் ஏழில் ஐந்தும்.

மிகுதி ஏழில் ஐந்து. விரிவுரையாளர்கள் அந்த மிகுதியை மறைக்கவில்லை. இவ்வளவு மிகுகிறது, இதனாலேயே இது அண்மை அளவு என்று எழுதிவைத்தார்கள். மிகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஹனஃபீ மத்ஹபில் பெரிய நீர்நிலைக்குப் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்னும் அளவு புகழ்பெற்றது. வட்ட ஹவ்ழுக்கு அந்நூல்களில் காணப்படும் கருத்துகளுள் ஒன்று சுற்றளவு 36 முழம் என்பது. இன்றைய கணக்கில் சோதித்தால், 100 சதுர முழம் பரப்புடைய வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 35.45 முழம். அதற்கு அடுத்த முழு எண் 36. அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 103 சதுர முழம். தேவைக்குச் சற்று மேலே, பேணுதலின் பக்கமாக.

இவை நுண்கணிதம் ஆகா. ஆனால் வளைந்த வடிவைத் தட்டை வடிவால் அளப்பது, எஞ்சிய பிழையைக் கணக்கிடுவது, அதைப் பாதுகாப்பான பக்கத்தில் நிறுத்துவது ஆகிய மூன்று பழக்கங்களும் இங்கே உள்ளன. இப்பழக்கங்கள் வேரூன்றிய நகரங்களில்தான் அடுத்துக் கூறவிருக்கும் கணித மேதைகளும் வாழ்ந்தார்கள்.

பக்தாதும் கெய்ரோவும்

வளைவை நுண்ணிய துண்டுகளாக்கி அளக்கும் கலை இஸ்லாத்துக்கு முன்பே தோன்றியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் ஆர்க்கிமிடீஸ், பரவளையத் துண்டின் பரப்பு அதனுள் வரையப்படும் முக்கோணத்தைப் போல் மூன்றில் நான்கு மடங்கு என நிறுவினார். கிரேக்க நூல்கள் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அரபியாக்கப்பட்டன. பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் அப்பணியை வளர்த்தார்கள். அவர்களால் பக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டவர் ஹர்ரான் நகரத்து ஸாபித் இப்னு குர்ரா. கி.பி. 901இல் மறைந்த இவர் முஸ்லிம் அல்லர். ஸாபியீன் பிரிவைச் சேர்ந்தவர். இஸ்லாமிய நாகரிகத்தின் அரவணைப்பில், அரபி மொழியில் தம் கல்வியை வளர்த்தவர். பரவளையத்தின் பரப்பை அவர் புதிய வழியில் கண்டார்: அச்சைச் சமமற்ற துண்டுகளாக, 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் பிரித்தார். துண்டுகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்ற இந்தக் கருத்தை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் வரும்.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, ஃபாத்திமிய கெய்ரோவில் தம் பிற்காலத்தைக் கழித்தவர் அல்ஹஸன் இப்னுல் ஹைஸம். ஒளியியலுக்காக உலகம் அவரை அறியும். அல்அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, யூக்ளிடின் நூல் போன்றவற்றைப் பிரதியெடுத்து விற்று, அந்த வருவாயில் எளிமையாக வாழ்ந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பரவளையத்தைச் சுழற்றினால் உண்டாகும் திண்மத்தின் கன அளவைப் பற்றி அவர் ஒரு தனி நூல் எழுதினார்.

பரவளையத்தை அதன் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் திண்மம், அதைச் சூழும் உருளையில் சரிபாதி. இதை அவருக்கு முன்பே ஸாபித்தும் அபூ ஸஹ்ல் அல்கூஹீயும் கண்டிருந்தார்கள். இப்னுல் ஹைஸம் அடுத்த படிக்குச் சென்றார். அச்சுக்குச் செங்குத்தான கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் என்ன ஆகும்? அப்போது உண்டாகும் வடிவின் மேற்பாதியை மனக்கண்ணில் காணுங்கள்: அடியில் நேராக எழுந்து, மேலே வளைந்து ஒடுங்கி, கூரிய நுனியில் முடியும். நம் பள்ளிவாசல்களின் கூர்நுனிக் குவிமாடத்தை அது ஒக்கும். அதன் கன அளவு, சூழும் உருளையில் பதினைந்தில் எட்டுப் பங்கு என்று அவர் நிறுவினார்.

எப்படி நிறுவினார்? அந்த வடிவைக் கிடையாகச் சம கனமுள்ள தட்டுகளாகச் சீவினார். ஒவ்வொரு சீவலுக்கும் உள்ளே அடங்கும் ஒரு சிறு உருளை. வெளியே சூழும் ஒரு பெரு உருளை. குவிமாடத்தைப் பத்துத் தட்டுகளாகச் சீவி நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சூழும் முழு உருளையை 1 என்று கொண்டால், வெளி உருளைகளின் மொத்தம் 0.58333, உள் உருளைகளின் மொத்தம் 0.48333. வேறுபாடு சரியாகப் பத்திலொன்று. அது அடித்தட்டு ஒன்றின் அளவே. தட்டுகளை இரட்டித்தால் வேறுபாடு பாதியாகும். மீண்டும் இரட்டித்தால் காலாகும். எவ்வளவு சிறிய அளவை நீங்கள் குறிப்பிட்டாலும் அதற்கும் கீழே வேறுபாட்டைக் கொண்டுசெல்ல முடியும். பதினைந்தில் எட்டு, அதாவது 0.53333, எத்தனை தட்டுகளாயினும் இவ்விரு மொத்தங்களுக்கும் நடுவிலேயே நிற்கிறது. பெரம்பூர் ரயிலின் கணக்கில் நாம் செய்ததும் இதுவே அன்றோ?

இதற்கு அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 1 முதல் தொடங்கும் எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டும் முறை வேண்டியிருந்தது. 1, 16, 81, 256 எனத் தொடரும் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டாமல், கூடுதலை ஒரே விதியால் பெறும் வழியை அவர் வடிவியல் முறையில் வருவித்தார். சிறிய அடுக்குகளின் கூடுதலிலிருந்து பெரிய அடுக்குகளின் கூடுதலுக்கு ஏறிச்செல்லும் ஏணி அது.

சமர்கந்தின் குவிமாடம்

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், உலுக் பேக்கின் சமர்கந்தில் ஜம்ஷீத் அல்காஷீ இதே எண்ணத்தைக் கொத்தனாரிடம் கொண்டுசென்றார். 1427இல் முடித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' என்னும் நூலில் கட்டடக் கலைஞர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கூர்நுனிக் குவிமாடத்தைக் கட்டவும் பூசவும் எவ்வளவு பொருள் தேவை என்பதை முன்கூட்டிக் கணக்கிட வேண்டும். அவர் குவிமாடத்தைக் கூம்பின் இடைக்கண்டங்களாக, அதாவது வாளி போன்ற அடுக்குகளாகப் பிரித்துக் கூட்டினார். முடிவில் கொத்தனாருக்கு ஒரே பெருக்கலை மட்டும் மிச்சம் வைத்தார்: அவர் எடுத்துக்கொண்ட குவிமாட வகைக்கு, அடிவிட்டத்தின் கனத்தை ஏறத்தாழ 0.306ஆல் பெருக்கினால் கன அளவு. அடிவிட்டத்தின் வர்க்கத்தை ஏறத்தாழ 1.775ஆல் பெருக்கினால் மேற்பரப்பு. அவர் இவற்றை அறுபதின் கூறுகளில் எழுதினார். நாம் தசமத்தில் சொல்கிறோம்.

அதே அறிஞர் 1424இல் வட்டத்தின் சுற்றளவு பற்றி எழுதிய நூலில், 80,53,06,368 பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கணக்கில் கொண்டு பையின் மதிப்பைப் பதினாறு தசம இடங்கள் வரை சரியாகக் கண்டார். அவர் எத்தனை பக்கங்கள் வேண்டும் என்பதைத் தொடங்குமுன்பே முடிவுசெய்தார். பூமியின் விட்டத்தைப் போல் ஆறு இலட்சம் மடங்கு பெரிய வட்டத்தை அளந்தாலும், பிழை குதிரை மயிரின் தடிப்பைத் தாண்டக் கூடாது என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நிபந்தனை. பிழையின் எல்லையை முதலில் வகுத்து, அதற்கேற்ப உழைப்பைத் திட்டமிடும் இந்த ஒழுங்கைத்தான் இன்றைய கணிப்பொறி வல்லுநர்களும் பின்பற்றுகிறார்கள்.

நிளா நதிக்கரையும் சென்னையும்

அல்காஷீ சமர்கந்தில் கணக்கிட்ட காலத்தையொட்டி, நமக்கு மிக அண்மையில், இன்றைய கேரளத்தில் மற்றொரு கணித மரபு தழைத்திருந்தது. சங்கமகிராமத்து மாதவனும் அவர் மாணவர் பரம்பரையும் அதன் ஆசிரியர்கள். 1530 அளவில் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய 'யுக்திபாஷா' அம்மரபின் நிறுவல்களை விளக்குகிறது.

வட்டத்தின் வில்லை அளக்க, அவர்கள் வட்டத்தைத் தொடும் கோட்டைச் சமமான மிகச் சிறு துண்டுகளாகப் பிரித்தனர்; ஒவ்வொரு துண்டுக்கும் உரிய வில்துண்டைக் கண்டு கூட்டினர்; துண்டுகளின் எண்ணிக்கை எல்லையின்றிப் பெருகும்போது கூடுதல் எதை அணுகும் என்று ஆராய்ந்தனர். இங்கும் அடுக்குகளின் கூடுதலே கருவி. வர்க்கங்களை எடுத்துக்கொள்வோம். 10 வரையுள்ள வர்க்கங்களின் கூடுதல் 385. அது 10இன் கனத்தில் 0.385 பங்கு. 100 வரை கூட்டினால் 0.33835 பங்கு. 1000 வரை கூட்டினால் 0.33383 பங்கு. மூன்றிலொன்றை நோக்கி அது செல்வது கண்கூடு. கனங்களாயின் நான்கிலொன்று, நான்காம் அடுக்காயின் ஐந்திலொன்று எனப் பொது விதியை யுக்திபாஷா விளக்குகிறது.

இதன் பயனாகக் கிடைத்த தொடர் புகழ்பெற்றது: ஒன்றிலிருந்து மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து என ஒற்றை எண்களில் சென்றுகொண்டே இருந்தால், பையின் நான்கிலொரு பங்கு கிடைக்கும். இத்தொடர் ஆமை வேகத்தில் நகர்வது. ஒன்பதிலொன்று வரை ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.3397தான் வருகிறது. ஆனால் அம்மரபினர் விட்டுப்போன பகுதி எவ்வளவு இருக்கும் என்பதையும் மதிப்பிட்டனர். அவர்கள் தந்த திருத்தங்களுள் ஒன்றைப் பயன்படுத்தினால், அதே ஐந்து உறுப்புகளிலிருந்து 3.1417 கிடைக்கிறது. ஏறத்தாழ என்பதன் அளவை அறிந்தவர்களுக்கு ஏறத்தாழவே துல்லியத்தின் வாயிலாகிறது.

கெய்ரோவிலிருந்து இக்கருத்து கேரளத்துக்கு வந்ததா? அரபு வணிகர்கள் அக்கரைக்கு வந்துபோனது உண்மை. ஆனால் இக்கணிதம் அவர்கள் வழியே கைமாறியது என்பதற்கு ஆவணச் சான்று இதுவரை காட்டப்படவில்லை. சான்றில்லாததை நாம் உரிமை கோரலாகாது. ஒரே உண்மையை இரு மரபுகள் தனித்தனியே சென்றடைந்தன என்று கொள்வதில் எவருக்கும் இழுக்கில்லை.

இம்மரபை வெளியுலகுக்கு அறிமுகம் செய்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியிலிருந்த சார்லஸ் விஷ் என்பவர் இத்தொடர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1834இல் இலண்டனில் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னைக் கணிதப் பேராசிரியர் சி.டி. ராஜகோபால் தம் துணைவர்களுடன் இந்நிறுவல்களை ஆராய்ந்து எழுதினார். கே.வி. சர்மாவின் யுக்திபாஷா ஆங்கில மொழிபெயர்ப்பு, கே. ராமசுப்பிரமணியன், எம்.டி. ஸ்ரீநிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம் ஆகியோரின் விளக்கத்துடன் 2008இல் வெளியாயிற்று.

ஐரோப்பாவின் பங்கு

இனி, ஐரோப்பியர் செய்தது என்ன? 1615இல் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைக் காணப் பீப்பாயை மெல்லிய தட்டுகளாகக் கற்பனை செய்தார். இதுவரை சொன்ன முறையின் உறவே அதுவும். பெரும் பாய்ச்சல் நியூட்டனாலும் லைப்னிட்ஸாலும் நிகழ்ந்தது. மாறும் வீதத்தைக் காண்பதும், துண்டுகளைக் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று மறுதலையான செயல்கள் என்பதை அவர்கள் பொது விதியாக்கினார்கள். அதன்பின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே நிறுவல் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் நீங்கிற்று. கெய்ரோவிலும் கேரளத்திலும் இந்தப் பொதுப் பாலம் கட்டப்படவில்லை. தொகையீட்டுக்கு நாம் இன்று எழுதும் வளைந்த குறி, 1675இல் லைப்னிட்ஸ், கூட்டல் என்னும் பொருளுடைய 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியது. கூட்டலின் நினைவு அக்குறியிலேயே தங்கிவிட்டது.

எஞ்சிய வினா ஒன்றே: இக்கூட்டல் எப்போது ஒரே விடைக்குக் கொண்டுசெல்லும்? பரவளையம் ஒழுங்கான வளைவு. ஏறி இறங்கித் துள்ளும் கோடுகளுக்கும் பரப்பு உண்டா? 1854இல் காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்டு ரீமன் இதற்கு மறுமொழி கூறினார். அடியைச் சமமாகவோ சமமின்றியோ எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எந்த இடத்து உயரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் சிறுக்கச் சிறுக்க எல்லாக் கூடுதல்களும் ஒரே எண்ணை அணுகுமாயின், அந்த எண்ணே தொகையீடு. ஸாபித்தின் சமமற்ற துண்டுகள் இங்கே பொது விதியாகி நிற்கின்றன. எந்தப் பக்கத்தைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படிக்கும்போது, கைபரில் இரு தரப்புக்கும் தேர்வை விட்டுக்கொடுத்த மதிப்பீட்டாளர் (ரலி) அவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். ரீமன் 1866இல், முப்பத்தொன்பதாம் வயதில் காசநோயால் மறைந்தார். அந்த ஆய்வு அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

நம் பிள்ளைகளுக்கு

நம் வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலின் மூழ்கிய பகுதியின் கன அளவைக் காண, அதைக் குறுக்கே பல வெட்டுகளாக எடுத்து, அவற்றின் பரப்புகளை சிம்ப்சன் விதிப்படி கூட்டுவதைக் கப்பல் கட்டும் கலையில் பாடமாகவே கற்பிக்கிறார்கள். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ஓர் இளைஞர், அங்கு பணியாற்றியபடியே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் வியத்தகு தொகையீடுகளும் இடம்பெற்றன. அவர் சீனிவாச ராமானுஜன். இக்கல்வி நம் தெருக்களுக்கு அயலானதன்று.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ரீமன் கூடுதலைப் படிக்கும்போது, இது துன்யாவின் கல்வி, மதிப்பெண்ணுக்காக மட்டும் படி என்று சொல்லிவிடாதீர்கள். ஹவ்ழின் அளவைக் கணக்கிட்ட ஃபகீஹும், குவிமாடத்தைச் சீவி அளந்த அறிஞரும் இதே வழியில் நடந்தவர்கள் என்று சொல்லுங்கள். அதே வேளையில் கண்டவர்களின் பெயர்களை உள்ளபடி சொல்லுங்கள்: ஆர்க்கிமிடீஸ் கிரேக்கர், ஸாபித் ஸாபியீன், இப்னுல் ஹைஸமும் அல்காஷீயும் முஸ்லிம்கள், மாதவன் கேரளத்து அந்தணர், ரீமன் ஜெர்மானியக் கிறிஸ்தவர். பிறர் பங்கை மறைத்துப் பெறும் பெருமை, நிறுவையில் மோசடி செய்து பெறும் இலாபத்தைப் போன்றது. அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கடிந்துரைக்கும் ஓர் அத்தியாயமே குர்ஆனில் உண்டு என்பதை நாம் அறிவோம். வரலாற்றை நிறுப்பதும் நிறுவையே.

மாணவக் கண்மணிகளே! தேர்வில் விடையை எழுதும்போது, அதன் பிழை எவ்வளவுக்குள் அடங்கும் என்று ஒருமுறை கேட்டுப் பழகுங்கள். தராசின் எல்லையை அறிந்து பேசுபவரை மக்கள் நம்புவார்கள். 'தக்ரீபன்' என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சேர்த்த அந்த ஒரு சொல், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்லும் அமானிதத்தின் அடையாளம்.

பயனுள்ள கல்வியையும், அதை நேர்மையுடன் எடுத்துரைக்கும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.